ரக்னா காட்டிய ஐந்து விரல்

மலையில் வரிசையாக நடக்கும்போது கடைசி ஆளை அந்தப் பக்கத்தில் வால் என்பார்கள். ரக்னா லில்லெபோ பத்தொன்பது இலையுதிர் காலங்களாக வாலாக இருந்தவள். பிள்ளைகளின் முகங்களைவிட முதுகுகளைத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும். எந்த முதுகு களைத்திருக்கிறது, எது கோபத்தில் விறைத்திருக்கிறது, எது அழுகையை அடக்கிக்கொண்டு போகிறது என்று சொல்லிவிடுவாள். கேட்டால்தான் சொல்வாள்.

அவளுக்குத் தொழில் பஸ் ஓட்டுவது. மலைகளுக்கிடையே நீண்டு புகுந்த கடலான ஃபியோர்டின் கரையோரமாகக் கடைசிப் பள்ளத்தாக்குவரை போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருகிற பஸ். மலைநடைச் சங்கத்துக்கும் அவளுக்கும் முதலில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அக்டோபரில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை வரும். உருளைக்கிழங்கு தோண்டுவதற்காக ஒரு காலத்தில் விட்டது. இன்று தோண்டும் பிள்ளைகள் இல்லை, விடுமுறை மட்டும் மிச்சம். அந்த வாரத்தில் சங்கம் பதினைந்து வயதுப் பிள்ளைகள் சிலரை மூன்று நாள் மலைக்கு அழைத்துப் போகும். ஒரு குழுவை வழிநடத்தவும், ஒரு குழுவோடு சேர்ந்து நடக்கவும் பழகுவதற்கு. ஒரு வருடம், பிள்ளைகளோடு போக வேண்டிய ஆசிரியர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிய ரக்னாவிடம், "நீயே கூட இருந்துடேன்" என்றார்கள்.

"என்ன சொல்லிக் குடுக்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம். யாரும் சாகாம பாத்துக்கோ, போதும்."

சொன்னவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ரக்னா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அவளுடைய பாடமுறை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளைக்குச் சீட்டுக் குலுக்கிச் சிவப்புக் கம்பளித் தொப்பி கிடைக்கும். தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் முடிவு. கூட வரும் பெரியவள் உயிராபத்து வந்தாலொழிய வாய் திறக்கக் கூடாது. இன்னொரு வழக்கமும் அவள் கொண்டுவந்ததுதான். காலையில் கிளம்புமுன் எல்லோரும் வட்டமாக நின்று, அன்றைக்குத் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று விரலால் காட்ட வேண்டும். ஐந்து என்றால் முழுத் தெம்பு. ஒன்று என்றால் நடக்கவே முடியாது. ஒரு விரல் காட்டினாலும் யாரும் சிரிக்கக் கூடாது. தொப்பிக்காரர் அந்த விரல்களைப் பார்த்துத்தான் அன்றைய வழியைத் தீர்மானிக்க வேண்டும்.

அவள் யாரையும் பாராட்டியதில்லை. நன்றாகச் செய்தாய் என்று சொன்னால் அடுத்த முறை அந்தச் சொல்லுக்காகச் செய்வார்கள், சதுப்பு நிலத்துக்கு அந்தச் சொல் தெரியாது என்பது அவள் எண்ணம். ஒரு தகப்பனார் தொலைபேசியில் கூப்பிட்டுக் குறைப்பட்டுக்கொண்டார். "மூணு நாள் வந்தானே எம்பையன், நல்லதா ஒரு வார்த்தை நீ சொல்லலையாமே?"

"கெட்டதாவும் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் ரக்னா.

இந்தக் கதை நடந்த வருடம் அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இடது முழங்கால் இரண்டு வருடமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. கிளட்ச் இல்லாத பஸ்ஸில் இடது காலுக்கு வேலை இல்லாததால் அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆகஸ்டில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினார். நவம்பரில் அறுவை சிகிச்சை. "அதுக்கப்புறம் நல்லா நடக்கலாம் ரக்னா. பஸ் ஓட்டலாம். மலைய மட்டும் மறந்துடு. இப்பவும்தான்."

அவள் தலையாட்டினாள். சங்கத்தில் சொல்லவில்லை. சொன்னால் அந்த அக்டோபரிலேயே வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அவளுக்கு ஹெஸ்தன் மலையுச்சிக்கு இன்னொரு முறை போக வேண்டியிருந்தது. ஏன் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பத்தொன்பது முறை பார்த்த கடல்தான் அங்கிருந்து தெரியும். இருபதாவது முறை அது வேறு கடலாகிவிடப் போவதில்லை. பதில் கிடைக்கவில்லை. பதில் இல்லாத ஆசையை விட்டுவிட வேண்டும் என்று பிறருக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். உச்சியில் இருக்கும் கற்குவியலில் வைக்க ஒவ்வொரு முறையும் அவள் கடற்கரையிலிருந்து ஒரு கல் கொண்டுபோவாள். அந்த முறையும் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த வருடம் எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் நாள் தொப்பி எஸ்கிலுக்கு விழுந்தது. தோணி கட்டும் பட்டறைக்காரர் மகன். குரல் உடைந்தும் உடையாமலும் இருந்தாலும் உரக்கப் பேசுகிறவன். மூன்று பலகையை மாற்றி மாற்றிப் போட்டு எல்லோரும் சதுப்பைக் கடக்க வேண்டும். எஸ்கில் அக்கரையில் நின்று கட்டளை போட்டான். கடைசிப் பலகையும் அவன் பக்கமே வந்து சேர, லிபான் நடுவில் மாட்டி இடுப்புவரை இறங்கினான்.

"எஸ்கில், என்னை எண்ணினியா நீ?" என்று சேற்றிலிருந்து கேட்டான் லிபான். அவனுடைய தாய் தந்தை சோமாலியாவிலிருந்து வந்தவர்கள். அவன் பிறந்தது இந்த ஃபியோர்டின் கரையில்.

"எண்ணினேன்டா. ஏழு வந்துது."

"உன்னையும் சேத்து எண்ணினா ஏழுடா, மண்டு."

ரக்னா அன்று மாலை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எத்தனை பேரு நனைஞ்சீங்க?" எஸ்கில் தன் காய்ந்த காலுறையைக் கழற்றி லிபானிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். இரண்டாம் நாள் லிபானின் முறை. மழையில் நனைந்த பூர்ச்ச மர விறகில் தீ மூட்ட வேண்டும். அவன் ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றான். தீ தாமதமாகத்தான் பிடித்தது; ஆனால் பிடித்தது.

மூன்றாம் நாள், மலையேறும் நாள், தொப்பி இல்வாவுக்கு.

இல்வா கடைசிப் பள்ளத்தாக்கின் கடைசி நிறுத்தத்தில் ஏறுகிற பெண். ரக்னாவுக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையில் உட்காருவாள். நான்கு வருடமாகக் கண்ணாடியில் பார்த்த முகம். ஏறும்போது ஒரு தலையசைப்பு, இறங்கும்போது ஒரு தலையசைப்பு. அதற்குமேல் பேச்சு கிடையாது. வகுப்பில் அவளை யாரும் கிண்டல்கூடச் செய்வதில்லை. இருக்கிறாளா என்று தெரிந்தால்தானே கிண்டல் செய்ய. அவள் பெயர் வந்ததும் எஸ்கில் முனகினான்: "போச்சு. இன்னைக்கு ஜாடையிலதான் மலையேறணும்."

காலையில் வட்டமாக நின்றார்கள். விரல்கள் எழுந்தன. எஸ்கில் ஐந்தைக் காட்டி, இன்னொரு கையையும் தூக்கிப் பத்தாக்கினான். லிபான் மூன்று, குதிகாலில் கொப்புளம். மற்றவர்கள் நாலும் ஐந்தும். இல்வா ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வட்டத்தின் கடைசியில் ரக்னா நின்றாள்.

அவள் ஐந்து விரலைக் காட்டினாள்.

அந்த ஊரில் அது பெரிய பொய்யாக எண்ணப்படுவதில்லை. எலும்பு முறிந்தவனைக் கேட்டாலும் பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கேன் என்பான். வீட்டில் சாவு விழுந்தவளும் அதையேதான் சொல்வாள். அடுத்தவருக்குத் தொந்தரவு தராமல் இருப்பதை அங்கே நாகரிகம் என்று வைத்திருக்கிறார்கள். ரக்னா இந்த விரல் வழக்கத்தைக் கொண்டுவந்ததே அந்த நாகரிகத்தைப் பிள்ளைகளிடமிருந்து மூன்று நாளைக்காவது கழற்றி வைக்கத்தான். இல்வா அவள் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்ததுபோல் இருந்தது. பிறகு தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "லிபான் முன்னால நடக்கட்டும்" என்றாள். மெதுவாக நடப்பவர் முன்னால். அது எல்லா மலைக்கும் பொது விதி.

வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. புளூபெரிச் செடிகள் சிவந்து, காலடியில் முதல் உறைபனி நொறுங்கியது. ரக்னா வாலாக நடந்தாள். ஏற்றத்தில் முழங்கால் சொன்னபடி கேட்டது. பாறைப் படிகள் வந்ததும் உள்ளே யாரோ ஆணியைத் திருகுவதுபோல் தொடங்கியது. வாலில் நடப்பதில் ஒரு வசதி உண்டு: முகத்தைச் சுளித்தாலும் பார்க்க ஆளில்லை. ஆனால் இல்வா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று தலைகளை எண்ணினாள். எண்ணி முடித்த பிறகும் ஒரு கணம் நின்றாள். ரக்னா அப்போதெல்லாம் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

உச்சிக்குக் கீழே மலையின் தோள் மாதிரி ஒரு சமதளம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து ரொட்டித் துண்டுகளைப் பிரித்தார்கள். பழுப்புப் பாலாடைக்கட்டி வெயிலில் மெழுகுபோல் மின்னியது. மேலே கற்குவியல் கண்ணுக்கே தெரிந்தது. இடையில் ஒரு கற்சரிவு, அவ்வளவுதான். ரக்னா சட்டைப்பைக்குள் கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

இல்வா எழுந்தாள். மேற்கே கடலுக்கு மேல் ஒரு சாம்பல் கோடு இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மேகம் வருது. திரும்புவோம்."

யாரும் அசையவில்லை. எஸ்கில்தான் முதலில் பேசினான். "எந்த மேகம்? அதுவா? அது மேகமில்ல, கழுவாத தட்டோட விளிம்பு."

"அரை மணி நேரம்தான் இல்வா" என்றான் லிபான். "என் கொப்புளமே கேக்குது, ஏன் நிக்கிறோம்னு."

"திரும்புவோம்" என்றாள் இல்வா மறுபடியும். அவள் குரல் நடுங்கியது, சொல் மாறவில்லை. "நேரத்தோட திரும்பணும். திரும்புறதுல வெக்கமில்ல."

அந்த நாட்டில் நடக்கத் தெரிந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் அது மனப்பாடம். மலை விதிகளில் ஒன்று. அதைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

"வெக்கமில்ல, சரி" என்றான் எஸ்கில். "ஆனா காரணம்னு ஒண்ணு வேணுமே. வெயில் அடிக்குதுன்னு யாராவது திரும்புவாங்களா?" அவன் ரக்னா பக்கம் திரும்பினான். "ரக்னா, நீ சொல்லு. அது மேகமா?"

எட்டு முகமும் அவளைப் பார்த்தன. அந்தக் கோடு இரவுக்கு முன் கரையேறாது என்று ரக்னாவுக்குத் தெரியும். அதை மட்டும் சொன்னால் போதும், தொப்பி என்ன சொன்னாலும் பிள்ளைகள் மேலே ஓடிவிடுவார்கள், அவளும் போய்விடலாம். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருடமாகப் பிள்ளைகளின் தவறான முடிவுகளுக்குப் பின்னால் அவள் வாயை மூடிக்கொண்டு நடந்திருக்கிறாள், சேற்றிலும் மழையிலும். அதைப் பொறுமை என்று நினைத்திருந்தாள். அந்தத் தவறுகள் எதற்கும் தான் விலை கொடுக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. தனக்கு நட்டம் வராதவரைக்கும் பொறுமை எல்லோருக்கும் வரும்.

"தொப்பி யார் தலையில இருக்கு?" என்றாள்.

எஸ்கில் ரொட்டித் தாளைக் கசக்கிப் பைக்குள் திணித்தான். திரும்பினார்கள்.

இறக்கத்தில் ரக்னா அந்தப் பெண்மேல் கோபமாகவே நடந்தாள். நான்கு வருடம் வாய் திறக்காத பிள்ளை. திறந்த முதல் நாளே இப்படியா? இருபதாவது கல் பையில் ஆடி ஆடித் தொடையில் இடித்தது. ஏற்றத்தில் ஆணி மட்டும் இருந்த முழங்காலில் இறக்கத்தில் சுத்தியலும் சேர்ந்துகொண்டது. பாறைப் படி ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் திரும்பி இறங்கினாள். நல்லவேளையாக இல்வா அடிக்கடி வரிசையை நிறுத்தினாள். தண்ணீர் குடிக்க, காலணி நாடாவைக் கட்ட, ஒன்றுமில்லாததற்கு. எஸ்கில் சத்தமாகச் சொன்னான்: "மேகம் துரத்துதுன்னு சொன்னவ, அது வந்து சேரட்டும்னு நின்னு காத்திருக்கா."

நாலைந்து முறை நின்ற பிறகுதான் ரக்னா கவனித்தாள். ஒவ்வொரு செங்குத்தான படிக்குக் கீழேயும் ஒரு நிறுத்தம். சமதளத்தில் ஒன்றுகூட இல்லை.

ஓடைக்கரையில் இல்வா பின்னால் வந்தாள். தன் இரண்டு ஊன்றுகோல்களையும் நீட்டினாள். "எனக்கு இது இடைஞ்சலா இருக்கு. நீ வச்சுக்கோயேன்."

ரக்னா கோல்களைப் பார்த்தாள். பிறகு பெண்ணைப் பார்த்தாள். "எப்ப பாத்த?"

"ஆகஸ்ட்ல." இல்வா ஓடையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பஸ்ஸுல இருந்து இறங்கறப்ப ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிக்கற. முன்னெல்லாம் குதிப்ப."

கண்ணாடியில் ரக்னா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அதே கண்ணாடியில் ஒரு பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்தச் சின்ன விஷயம் அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

"அப்ப அந்த மேகம்?"

இல்வா கோல்களை ரக்னாவின் கையில் வைத்துவிட்டு முன்னால் போய்விட்டாள். ரக்னா கோல்களை ஊன்றி ஓடையைக் கடந்தாள். கோபம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது அதைவிடக் கனமாக இருந்தது.

கீழே ஏரிக்கரையில் தீ மூட்டித் தொத்திறைச்சி சுட்டார்கள். நாள் முடியும்போது எல்லோரும் தொப்பிக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குறையானாலும் நிறையானாலும் முகத்துக்கு நேராக. தொப்பிக்காரர் குறுக்கே பேசக் கூடாது. வானம் காலையில் இருந்த மாதிரியே இருந்தது. உச்சியில் கற்குவியல் பல் மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

"நீ எண்ணினது சரியா இருந்துச்சு" என்றான் லிபான், எஸ்கிலை ஓரக்கண்ணால் பார்த்தபடி. மற்றவர்கள் மென்றும் விழுங்கியும் ஏதோ சொன்னார்கள்.

எஸ்கில் மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. "பயந்துட்டு மேகத்து மேல பழி போட்ட. பயம்னு சொல்லியிருந்தா பரவாயில்ல. இனிமே நீ முன்னால நடந்தா நான் வரமாட்டேன்."

இல்வா தொத்திறைச்சிக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுமடல் தொப்பி நிறத்துக்குச் சிவந்தது. அவள் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று ரக்னாவுக்குத் தெரிந்தது. சொல்லாமலே பள்ளிக்கூடம் போவாள், மூன்றாவது இருக்கையில் உட்காருவாள், ஹெஸ்தனில் பயந்தவள் என்ற பெயரோடு பத்தாம் வகுப்பை முடிப்பாள். ரக்னா வாயை மூடிக்கொண்டால் போதும், அடுத்த வருடம் எப்படியாவது சமாளித்து இன்னொரு முறைகூட வந்துவிடலாம்.

வட்டத்தில் அவள் முறை கடைசி. அவள் கையைத் தூக்கினாள். இரண்டு விரல்.

"காலைல நான் அஞ்சு காட்டினேன். ரெண்டு காட்டியிருக்கணும். முழங்கால். டாக்டர் மலை வேண்டாம்னு ஆகஸ்ட்லயே சொல்லிட்டார். நான் யார்கிட்டயும் சொல்லல."

தீயில் ஒரு கட்டை சரிந்தது. எஸ்கில் அவளைப் பார்த்தான், ஊன்றுகோல்களைப் பார்த்தான், இல்வாவைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

இல்வா தலையசைத்தாள்.

"அப்ப எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?" என்றான் லிபான். "ரக்னாவ முதுகுல தூக்கிட்டு ஏறியிருப்பியா?"

"திரும்பித்தான் வந்திருப்பேன்" என்றான் எஸ்கில். அவன் குரல் உடைந்து கீச்சென்றது, யாரும் சிரிக்கவில்லை. "ஆனா எதுக்குன்னு தெரிஞ்சு திரும்பியிருப்பேன்ல. இப்ப ஆடு மாதிரி வந்தேன்."

அன்றைய நாளில் பேசிய பேச்சிலேயே அதுதான் சரியான பேச்சு என்று ரக்னா நினைத்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. இல்வாவிடம் சொன்னாள்: "நீ எடுத்த முடிவு சரி. சொன்ன காரணம் தப்பு. நான் சொன்ன பொய்ய மூடி வைக்க நீ ஒரு பொய் சொன்ன. அதனால நீங்க எட்டுப் பேரும் ஒண்ணா நடக்கல. நீ மட்டும் தனியா நடந்த."

தொப்பிக்காரர் குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. இல்வா பேசினாள்.

"நீயே சொல்லாதத நான் எப்படிச் சொல்றது?"

ரக்னா யோசித்தாள். அடுத்தவரின் வலி அவரவர் சொந்தச் சொத்து. அதை ஊரறியச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கூட்டமாக நடக்கும்போது அந்த வலி கூட்டத்தின் வழியையும் தீர்மானிக்கிறது. அப்போது மறைக்கவும் உரிமையில்லை. இரண்டும் உண்மையாகத்தான் தெரிந்தது. பதினைந்து வயதுப் பெண் கற்சரிவுக்குக் கீழே நின்று, ரொட்டி தின்கிற நேரத்துக்குள் இதைத் தீர்த்திருக்க வேண்டும்.

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல" என்றாள்.

பிள்ளைகளுக்கு அது புதிதாக இருந்திருக்க வேண்டும். பிறகு இல்வா எழுந்து தீயில் தண்ணீர் ஊற்றினாள். "கிளம்பலாம். மெதுவா நடக்கறவங்க முன்னால. ரக்னா, முன்னால வா."

"வாலு யாரு அப்ப?"

"எஸ்கில்."

"நானா?" என்றான் எஸ்கில். ஆனால் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக ரக்னாவுக்கு முன்னால் ஒரு முதுகும் இல்லை. வெறும் பாதை. பின்னாலிருந்து குரல்கள் வந்தன: லிபானின் கொப்புளத்தைப் பற்றி, மீந்துபோன தொத்திறைச்சியைப் பற்றி. வெகு தூரத்திலிருந்து எஸ்கில்: "முன்னால யாராவது உயிரோட இருக்கீங்களா? ஒரு நத்தை என்னைத் தாண்டிப் போயிடுச்சு." முகத்தைச் சுளித்தால் யாருக்கும் தெரியாது என்று அவளுக்குத் தோன்றியது, உடனே, நொண்டுவது எல்லோருக்கும் தெரியும் என்றும். அதை மறைக்க முயலவில்லை. மறைக்காமல் நடந்தபோது கால் கொஞ்சம் எளிதாகப் போனது, அல்லது அவளுக்கு அப்படிப் பட்டது.

சங்கத்தில் அவளே போய்ச் சொன்னாள். கோபித்துக்கொண்டார்கள், நியாயமாகவே. பள்ளி திறந்த வாரம் எஸ்கில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நின்றான். "ஞாயித்துக்கிழமை அப்பாவோட ஹெஸ்தன் போறேன். உன் கல்லைக் குடு, வச்சிட்டு வரேன்."

"வேண்டாம்."

"சும்மா குடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே. நான் ஏறாத மலையில என் கல்லு எதுக்கு? உனக்கு வேணும்னா நீ ஒண்ணு பொறுக்கிக்கோ." அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு இறங்கினான். மூன்றாவது இருக்கையில் இல்வா ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது கண்ணாடியில் தெரிந்தது.

நவம்பரில் அறுவை நடந்தது. அடுத்த அக்டோபரில் வேறொருவர் பிள்ளைகளை அழைத்துப் போனார். இல்வா உதவிக்கு வந்திருந்தாள். ரக்னா பஸ்ஸைக் கொண்டுவந்து மலையடியில் நிறுத்தினாள். பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். விரல்கள் எழுந்தன. இல்வா வட்டத்தை விட்டு வெளியே வந்து பஸ் கதவைத் தட்டினாள்.

"நீ எத்தனை?"

"நான் வரலையே."

"சாயங்காலம் நீதானே எங்களைக் கூட்டிட்டுப் போற? எத்தனை?"

ரக்னா புதிய முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். குளிரில் விறைத்திருந்தது. பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கேன் என்ற பழைய சொல் தானாக வாய்வரை வந்தது. அதை அங்கேயே நிறுத்திவிட்டு மூன்று விரலைக் காட்டினாள்.